எரிந்ததா, எரித்தார்களா

2019 டிசம்பர் 27, ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஒரு பதிப்பகத்துக்குப் புரூஃப் முடித்து அனுப்பிவிட்டு, படுக்கப் போகும் முன் வழக்கம்போலத் தமிழ் விக்கிப்பீடியாவில் என் கவனிப்புப் பட்டியலைத் திறந்தேன். நான் தொடங்கியவை, நான் கைவைத்தவை என்று நானூறு சொச்சம் கட்டுரைகள் அதில் இருக்கின்றன. எதில் யார் என்ன மாற்றினாலும் அங்கே ஒரு வரி வந்து நிற்கும். அன்றைக்கு வந்த வரிகளில் ஒன்றின் பக்கத்தில் −6 என்று இருந்தது. ஆறு பைட்டு குறைந்திருக்கிறது. கணினிக் கணக்கில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு, உயிர்மெய் எழுத்தில் பெரும்பாலும் இரண்டு குறிகள். ஆக, ஓர் எழுத்து போயிருக்கிறது. மாற்றியவர் பெயர் இல்லை, ஐபி எண் மட்டும்தான். குறிப்பில் ‘எழுத்துப் பிழை திருத்தம்’ என்று போட்டிருந்தார்.

எழுத்துப் பிழையைத் திருத்துவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. நான் விட்ட பிழை எது என்று பார்க்க, முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ‘வேற்றுமை’யைச் சொடுக்கினேன். எங்கள் வட்டாரத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரை. அதில் கீழ்வெண்மணியைப் பற்றி ஒரு பத்தி.

முன்பு இருந்தது: ‘குடிசையை எரித்ததில் 44 பேர் இறந்தனர்.’

இப்போது இருப்பது: ‘குடிசை எரிந்ததில் 44 பேர் இறந்தனர்.’

ஒரு ‘யை’ போயிருக்கிறது. ஒரு ‘த்’ ‘ந்’ ஆகியிருக்கிறது. அவ்வளவுதான். ‘த்’துக்கும் ‘ந்’துக்கும் ஒரே நீளம், அதனால் அந்த மாற்றம் பைட்டுக் கணக்கில்கூட வரவில்லை.

இலக்கணப்படி இரண்டாவது வாக்கியத்தில் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினார்கள். எரிந்தது, எரித்தார்கள். செய்தி என்று பார்த்தாலும் பொய் கிடையாது. குடிசை எரிந்தது உண்மை. 44 பேர் இறந்தது உண்மை. வாக்கியத்திலிருந்து ஆட்கள் மட்டும் வெளியே போய்விட்டார்கள். விளக்குச் சாய்ந்து பற்றிக்கொண்ட குடிசையைப் பற்றியும் இதே வாக்கியத்தை எழுதலாம்.

வெண்மணியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழத்தஞ்சைப் பகுதி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்கள், செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியே வரமாட்டோம் என்று நின்ற தலித் மக்கள். அன்றிரவு அவர்கள் தெருவுக்குள் ஆட்கள் வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து ஓடிப்போய் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் வசதி படைத்தவர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. இவ்வளவும் பொதுவெளியில் எல்லோரும் அறிந்ததுதான்.

அந்த வருடம் என் அப்பாவுக்கு 17 வயது. எங்கள் ஊர் அங்கிருந்து பத்துக் கல் தூரம். அவரும் அதே சங்கம். வெண்மணி என்று பெயரைச் சொல்ல மாட்டார், ‘அந்த ராத்திரி’ என்பார். அந்தப் பத்தியை எழுதியபோது என் காதில் இருந்தது அவர் குரல்தான்.

மாற்றத்தை உடனே மீளமைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மறுபடி ‘எரிந்ததில்’. மறுபடி மீளமைத்தேன். சாயங்காலம் மறுபடி வந்துவிட்டது. மூன்றாவது முறை கை போகும்போது நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் போனால் தொகுப்புப் போர். நியாயம் யார் பக்கம் இருந்தாலும் இருவருக்கும் தடை விழும், விழவும் வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் விவாதிக்க என்று ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, அங்கே போய்க் கோபமாகவே எழுதினேன். ‘எழுத்துப் பிழை’ என்று பொய்க் குறிப்புப் போட்டு வரலாற்றை மாற்றுகிறீர்கள், இது விசமத் தொகுப்பு என்று.

அவர் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை, இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்த பிறகு ‘எரித்தார்கள்’ என்றால் யார் எரித்தார்கள்? சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே இல்லாத இடத்தில், கலைக்களஞ்சியம் குற்றவாளி இருப்பதாக எழுதலாமா? தீர்ப்பைக் கட்டுரையின் கடைசியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒற்றை வரியாக வைத்திருக்கிறீர்களே, அது எந்த நடுநிலை?

கடைசிக் கேள்வி என்னைக் குத்தியது. அவர் சொன்னது உண்மை. தீர்ப்பைப் பற்றி எழுதவே எனக்கு மனமில்லை. எழுதாமல் விட்டால் யாராவது கேட்பார்கள் என்று அடியில் கொண்டுபோய் வைத்திருந்தேன். அவர் ஓர் எழுத்தை மாற்றிச் செய்ததை நான் ஒரு வரியை இடம் மாற்றிச் செய்திருந்தேன்.

இது எனக்கு முதல் தடவையும் அல்ல. 2012இல் விக்கிக்கு வந்த புதிதில் அதே கட்டுரையில் ‘44 தியாகிகள்’ என்று எழுதியிருந்தேன். அப்போது ஓர் அண்ணா பேச்சுப் பக்கத்தில் ஒரே வரி கேட்டார்: ‘தியாகிகள் என்பது யாருடைய சொல்?’ யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது நோர்வேயில் இருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. வெண்மணியைப் பற்றி என்னிடம் கேட்க இவர் யார் என்று தோன்றியது. அப்புறம் தொலைபேசியில் பேசியபோது அவர் சொன்னதை மறக்க முடியாது. “தம்பி, எங்கட பக்கத்துக் கட்டுரையளிலயும் இதே பிரச்சினைதான். ‘வீரச்சாவு’ எண்டு ஒருத்தர் எழுதுவார், இன்னொருத்தர் வந்து அதை மாத்துவார். நாங்கள் அழுத சொல்லை அங்க எழுதேலாது. என்ன நடந்தது எண்டதை மட்டும் எழுதுங்கோ, அதுவே காணும்.”

‘தியாகிகள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்’ என்று அன்று மாற்றினேன். மாற்றிப் படித்தபோது பழைய வாக்கியத்தைவிட இது கனமாக இருந்தது. ‘தியாகி’ என்ற சொல் என் தரப்புக்காரர்களோடு மட்டும் பேசியது. குழந்தை என்றால் குழந்தை, அதை யாரும் தாண்டிப் போக முடியாது.

2019 சண்டையிலும் அண்ணாதான் நடுவில் வந்தார். அந்த ஐபி நண்பருக்கு அவர் எழுதிய பதில் இது: தீர்ப்பு பேசுவது இன்னார் செய்தார் என்று நிறுவப்பட்டதா என்பதைப் பற்றி. தீ வைக்கப்பட்டது என்பதை அது இல்லையென்று ஆக்கவில்லை. ஆள் யார் என்று எழுதச் சான்று வேண்டும், சரி. ஆனால் ஆளே இல்லை என்று எழுதவும் சான்று வேண்டுமே, ‘எரிந்தது’ என்று எழுதினால் அதைத்தானே சொல்கிறீர்கள்? எனக்கும் ஒரு வரி வைத்திருந்தார்: தீர்ப்பை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, சம்பவத்துக்கு அடுத்த வாக்கியமாகவே வையுங்கள்.

ஒன்பது நாள் ஆயிற்று. அண்ணா சொன்னபடி தீர்ப்பு மேலே வந்தது, அதில் எனக்குக் கசப்பு. விடுதலைக்குச் சொல்லப்பட்ட காரணமும் கூடவே வந்தது, அதில் அந்த நண்பருக்குக் கசப்பு. நடந்த விவாதம் முழுக்கப் பேச்சுப் பக்கத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். விக்கிப்பீடியாவில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் கட்டுரையைச் சொல்ல மாட்டேன், அதன் பின்னால் இருக்கும் இந்த இரண்டு கதவுகளைத்தான் சொல்வேன்: வரலாறு, பேச்சு. புத்தகத்தில் புரூஃப் பார்த்துக் கழித்த தாள் குப்பைக்குப் போய்விடும். ஆசிரியர் முதலில் என்ன எழுதினார், யார் அடித்தார், ஏன் அடித்தார் என்பது வாசகருக்குத் தெரியவே தெரியாது. இங்கே ஒவ்வொரு அடித்தலும் திருத்தலும் தேதியோடு நிற்கிறது.

ஆனால் அந்தக் கதவுகளைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும், வேறு வேறு பக்கத்து ஆள் வேண்டும். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2021இல்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். அந்த ஜூனில் அண்ணா ஒரு சுட்டி அனுப்பினார். குரோஷிய மொழி விக்கிப்பீடியாவுக்கு என்ன நேர்ந்தது என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வெளி வல்லுநர் ஒருவரைக் கொண்டு தயாரித்த அறிக்கை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1945 வரை, நாஜிகளின் துணையில் நின்ற குரோஷிய அரசை உஸ்தாஷா என்ற இயக்கம் நடத்தியது. சாவா ஆற்றங்கரையில் யாசெனோவாட்ஸ் என்ற ஊரில் அவர்கள் ஒரு முகாம் வைத்திருந்தார்கள். செர்பியர், ரோமா மக்கள், யூதர், உஸ்தாஷாவை எதிர்த்த குரோஷியர் எல்லோரும் அங்கே கொல்லப்பட்டார்கள். அங்குள்ள நினைவகம் ஒவ்வொருவராகப் பெயர் தேடி எடுத்த பட்டியலில் 83,145 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 20,101 பேர் 14 வயதுக்குக் கீழே. யுகோஸ்லாவியா இருந்த காலத்தில் ஏழு லட்சம் என்ற எண் சொல்லப்பட்டு வந்தது, அதன் பின்னாலும் அரசியல் இருந்தது. பெயர் பெயராக எண்ணிய பட்டியல் ஊதிய எண்ணுக்கும் பதில், மறைக்கிறவர்களுக்கும் பதில்.

இந்த யாசெனோவாட்ஸ் முகாமைக் குரோஷிய விக்கிப்பீடியா பல ஆண்டுகள் ‘திரட்டு முகாம், உழைப்பு முகாம்’ என்று வருணித்து வந்தது. அதைப் படித்ததும் எனக்கு என் −6தான் நினைவுக்கு வந்தது. ஆட்களைத் திரட்டி அடைத்தார்கள், உண்மை. வேலை வாங்கினார்கள், அதுவும் உண்மை. கொன்றார்கள் என்பதுதான் பெயரில் இல்லை. குடிசை எரிந்ததில் 44 பேர் இறந்தனர் என்பதும் இதே வகைதான்.

இது எப்படி நடந்தது? பெரிய சதிக் கூட்டம் என்று கற்பனை செய்ய வேண்டாம். குறைந்தது 2011 முதல் 2020 வரை, ஒரே மனப்போக்குள்ள ஒரு சிறு குழு நிருவாகி அணுக்கத்தை, அதாவது மற்றவர்களைத் தடை செய்யும் அதிகாரத்தை, தன் கையில் வைத்துக்கொண்டது. எதிர்த்துக் கேட்டவர்களுக்குத் தடை விழுந்தது. நிருவாகி வாக்கெடுப்புகளில் ஒரே ஆள் பல பெயரில் வந்து வாக்களித்தார். 2013இல் குரோஷியப் பத்திரிகைகள் இதை எழுதின. அன்றைய கல்வி அமைச்சர் ஷெல்கோ யோவானோவிச், மாணவர்கள் குரோஷிய விக்கிப்பீடியாவைப் பயன்படுத்த வேண்டாம், அதிலுள்ள பலவும் திரிக்கப்பட்டவை என்று வெளிப்படையாகவே அறிவுறுத்தினார். ஒரு நாட்டின் அமைச்சர் தன் மொழியின் கலைக்களஞ்சியத்தைப் படிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லும்படி ஆயிற்று. அப்படியும் ஏழு வருடம் அந்தக் குழு அசையவில்லை. 2020 நவம்பரில்தான் அதில் முக்கியமானவருக்கு எல்லா விக்கிமீடியா திட்டங்களிலும் சேர்த்துத் தடை விழுந்தது. அதன் பிறகு அந்த விக்கி மெல்ல மாறத் தொடங்கியது.

அறிக்கையில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. குரோஷியம், செர்பியம், போஸ்னியம் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று புரியும் மொழிகள். யுகோஸ்லாவியா உடைந்த பிறகு விக்கிப்பீடியாவிலும் தனித்தனி வீடு ஆயிற்று. செர்போ-குரோஷியம் என்று நான்காவதாக ஒன்றும் உண்டு. நாலு வீடு ஆனதும் ஒவ்வொன்றிலும் ஒரே பக்கத்து ஆட்கள் சேர்வது எளிதாயிற்று. எரிச்சலுற்ற குரோஷியருக்கு உள்ளே நின்று சண்டை போடுவதைவிடச் செர்போ-குரோஷிய விக்கிக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடுவது சுலபம். நல்லவர்கள் வெளியே போகப் போக, உள்ளே மிச்சம் இருந்தவர்களுக்குப் போட்டியே இல்லாமல் போயிற்று.

அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதைத் தோளில் சுமந்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், அமீரகத்தில் இருந்துகொண்டு எழுதினார். தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஐரோப்பா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே வீட்டுக்குள் வந்து எழுதுகிறோம். டொராண்டோவா ரொறன்ரோவா, ரஷ்யாவா உருசியாவா என்று ஆலமரத்தடி என்ற எங்கள் பொது விவாதப் பக்கத்தில் நடந்த வாக்குவாதங்களைச் சேர்த்தால் புத்தகமே போடலாம். ஒரு காலத்தில் எனக்கு அதெல்லாம் பெரிய அலுப்பு. இலங்கைக்குத் தனி விக்கி, நமக்குத் தனி விக்கி என்று வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட ஒருநாள் கோபத்தில் நினைத்தது உண்டு. அப்படி நடந்திருந்தால் ‘தியாகிகள் யாருடைய சொல்?’ என்று என்னைக் கேட்க ஆளே இருந்திருக்காது. என் ஊர்க்காரர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டவர் என் சண்டையில் பங்கில்லாத, ஆனால் தன் ஊரில் இதே சண்டையைப் பார்த்துச் சலித்த ஒரு மனிதர்.

எண்ணிக்கை விஷயத்திலும் நமக்குப் பயம் வேண்டும். எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி இது. மாதம் நூறு தொகுப்புக்கு மேல் செய்பவர்கள் சில பத்துப் பேர்தான். ஒரு கிராமத்து நூலகத்தில் சாயங்காலம் கூடுகிற கூட்டத்தைவிடப் பெரிதல்ல. இதில் பத்துப் பேர் ஒரே கட்சி மனதோடு உறுதியாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொழி தெரியாததால் தமிழ் விக்கியில் சிங்களவர் பெரும்பாலும் வந்து எழுத முடியாது, சிங்கள விக்கியில் நம்மாலும் பெரும்பாலும் முடியாது. இருவரும் முகத்தோடு முகம் மோதிக்கொண்ட இடம் ஆங்கில விக்கிப்பீடியா. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே தொகுப்புப் போரும் கடுமையாக நடந்தது. அப்போது இரண்டு தரப்பிலும் சிலர் சேர்ந்து இலங்கை நல்லிணக்கம் என்ற பெயரில் ஒரு விக்கித் திட்டத்தை உண்டாக்கினார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தச் செய்தித்தளம் யார் பக்கம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அரசுப் பக்கம் சாய்ந்தவற்றையும் புலிகள் பக்கம் சாய்ந்தவற்றையும் மொத்தமாக விலக்கவில்லை. பயன்படுத்தினால் இன்னார் சொல்கிறார் என்று பெயர் போட்டுப் பயன்படுத்து என்று முடிவு செய்தார்கள். போர்க்களத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் நமக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. டீக்கடை பெஞ்சில் முரசொலி கிடந்தால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நமது அம்மா, தீக்கதிர், விடுதலை எதுவானாலும் அப்படியே. கொடியைப் பார்த்துவிட்டுத்தான் செய்தியைப் படிப்போம். விக்கிப்பீடியாவின் நெற்றியில் கொடி இல்லை. கலைக்களஞ்சியம் என்று எழுதியிருக்கிறது. கூகுளில் தேடினாலும் அதுதான் மேலே வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதைப் படித்துத்தான் வளர்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை செயல்திட்டத்துக்கு அப்படியே பார்த்து எழுதுகிறது. கட்சிப் பத்திரிகையில் ‘எரிந்தது’ என்று வந்தால் நாளைக்கு எதிர்க்கட்சிப் பத்திரிகை ‘எரித்தார்கள்’ என்று போடும். இங்கே ஒரு பக்கம்தான், அதில் ஒரு வாக்கியம்தான்.

சொற்களை வைத்துச் சாய்வை அளக்கும் வழியை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பணக்காரர் இறந்தபின் அவர் சொத்துக்குப் போடும் வரியை ஜனநாயகக் கட்சியினர் சொத்து வரி என்பார்கள், குடியரசுக் கட்சியினர் சாவு வரி என்பார்கள். நாடாளுமன்றப் பேச்சுகளிலிருந்து இப்படிப்பட்ட தொடர்களைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த வழியில் ஷேன் கிரீன்ஸ்டைன், ஃபெங் சூ இருவரும் அமெரிக்க அரசியல் பற்றிய சுமார் 28,000 விக்கிப்பீடியாக் கட்டுரைகளை அலசி 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்க காலக் கட்டுரைகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்திருந்தன, போகப் போகச் சராசரி நடுவுக்கு வந்தது. ஆனால் பழைய கட்டுரைகள் திருந்தியதால் அது பெரிதாக நடக்கவில்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்த புதிய கட்டுரைகள் வந்து சேர்ந்ததால் நடந்தது. எனக்கு இது கவலை தரும் முடிவு. வாசகர் சராசரியைப் படிப்பதில்லையே, ஒரு கட்டுரையைத்தானே படிக்கிறார்.

2019இல் வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் தெம்பு தந்தது. ஒரே பக்கத்து ஆட்கள் எழுதிய கட்டுரைகளைவிட, இரண்டு பக்கத்துத் தீவிரமான ஆட்களும் கலந்து எழுதிய கட்டுரைகள் தரத்தில் மேலாக இருந்தன என்று அது காட்டியது. அவர்களுடைய பேச்சுப் பக்கங்கள் நீளமாக இருந்தன, சண்டை இருந்தது, விதிகளைக் காட்டி வாதாடுவதும் இருந்தது. எங்கள் ஒன்பது நாளை நினைத்துக்கொண்டேன்.

தீராத வருத்தம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விக்கியில் அச்சிலோ இணையத்திலோ வெளியான, நம்பகமான ஆதாரம் இல்லாமல் எதுவும் நிற்காது. நல்ல விதி. அது இல்லையென்றால் ஆளாளுக்குக் கதை எழுதுவார்கள். ஆனால் 1968இல் அச்சு யார் கையில் இருந்தது? அந்தக் குடிசைக்குள் போனவர்களில் யாரிடம் பத்திரிகை இருந்தது? காவல் துறைக்குப் பதிவேடு இருக்கிறது, நீதிமன்றத்துக்குத் தீர்ப்பு இருக்கிறது, பத்திரிகைகளுக்குக் கோப்பு இருக்கிறது. களத்துமேட்டில் நின்றவர்களுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. என் அப்பா சொல்வது எதையும் அங்கே சேர்க்க முடியாது, சேர்த்தால் ‘சான்று தேவை’ என்ற எச்சரிக்கைக் குறியை நானே போட வேண்டும். பின்னாளில் ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் அந்த ஊர் மக்களிடம் கேட்டு எழுதி அச்சில் கொண்டுவந்தார்கள், அதனால்தான் நாங்கள் இன்று ஏதாவது எழுத முடிகிறது. ஓர் ஊருக்குப் போய், பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிந்து புத்தகமாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அப்படிப்பட்ட புத்தகம் புரூஃபுக்கு வந்தால் காசு கேட்பதில்லை.

அந்த ஐபி நண்பர் பிறகு ஒரு பயனர் பெயரில் பதிந்துகொண்டார். யார் என்று தெரியாது, கேட்டதும் இல்லை. அரசியலில் எனக்கும் அவருக்கும் ஒத்தே வராது. கோயில் நிலங்கள் பற்றிய ஒரு கட்டுரையில் போன வருடம் ஒரு மாதம் வாதாடினோம். அவர் கொண்டுவந்த இரண்டு சான்றுகள் என்னிடம் இல்லாதவை, ஏற்றுக்கொண்டேன். என் கவனிப்புப் பட்டியலில் அவர் பெயர் வந்தால் இப்போதும் முதலில் அதைத்தான் சொடுக்குகிறேன். அவரும் அப்படித்தான் செய்வார் என்று நினைக்கிறேன்.

சண்டை முடிந்த அந்த 2020 ஜனவரியில், பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் செல்பேசியில் கட்டுரையைத் திறந்து காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். ‘1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் இருந்த 44 பேர் தீ வைத்துக் கொல்லப்பட்டனர்.’

கேட்டுவிட்டு, “யாரு வச்சான்னு போடலியே?” என்றார்.

“அடுத்த வரியில தீர்ப்பு இருக்குப்பா” என்று அதையும் படித்தேன். கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, அதற்குச் சொன்ன காரணம், எல்லாம். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி” என்றார். “மொத வரிய இன்னொரு தடவ படி.”

படித்தேன்.